வெள்ளத்தில் இறங்கத் தெரிந்த லாரி

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபென்ஜால் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. கடலூருக்கு உண்மையான சோதனை அதற்கு இரண்டு நாள் கழித்தே வந்தது. மேற்கே ஊத்தங்கரையிலும் திருவண்ணாமலை மாவட்டத்திலும் கொட்டிய மழை சாத்தனூர் அணையை நிரப்பியது. விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலான நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட, ஆறு கடலைச் சேரும் இடத்தில் இருக்கும் கடலூரின் புறநகர்கள் நீரில் மூழ்கின. விழுப்புரம் அருகே அரசூரில் சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களும் நின்றன.

கடலூர் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஐந்து ஆறுகள் கடலைத் தேடி வரும் நிலம் இது. 2004-இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 நவம்பரில் பெருவெள்ளம் என்று ஒவ்வொரு முறையும் நிவாரணத் தொகை பற்றியும் வடிகால் பற்றியும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அதிகம் பேசப்படாத ஒரு சிறிய விஷயம் உண்டு. முழங்காலுக்கு மேல், மார்புக்குக் கீழ் நீர் நிற்கும் சாலையில் எந்த வாகனம் போகும் என்பதுதான் அது.

அந்த ஆழம் ஓர் இடைவெளி. படகுக்கு அது போதாது. வெளிப்பொறியின் சுழல்விசிறி தார்ச்சாலையிலும், மூழ்கிய வேலிக்கம்பியிலும், சாய்ந்த வாழையிலும் சிக்கும். பேருந்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் அது அதிகம். அந்த நேரத்தில் டிராக்டர்களும், கட்டுமானப் பணிக்கான டிப்பர் லாரிகளுமே கைகொடுக்கின்றன. அவற்றை ஓட்டி வருபவர்களின் துணிவைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால், நீரில் இறங்கி ஏறுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட வாகனம் ஒன்று உண்டு. அது ராணுவத்தின் நான்கு சக்கர இயக்க லாரி. ராணுவம் வரும்போது அதுவும் வருகிறது. ராணுவம் திரும்பும்போது அதுவும் திரும்பிவிடுகிறது. அதே வகை லாரிகள், வயதாகிவிட்டன என்ற காரணத்தால், எங்கோ ஒரு கிடங்கில் ஏலம் விடப்பட்டுப் பெரும்பாலும் பழைய இரும்பாகப் போய்ச் சேருகின்றன. இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

சாலையில் ராணுவ லாரியைப் பார்த்தவர்கள் அதன் எண் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றைக் கவனித்திருக்கலாம். அம்புக்கு அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் அந்த வாகனம் ராணுவத்தில் சேர்ந்த ஆண்டைக் குறிப்பவை. நம் ராணுவத்தில் நீண்ட காலம் உழைத்தது 'சக்திமான்'. ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தின் பேரில் 1950-களின் இறுதியில், வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, ஜபல்பூரில் அதன் தயாரிப்பு தொடங்கியது. 1990-களின் நடுப்பகுதிவரை நடந்தது. அதன் இடத்தைப் பிடித்தவை அசோக் லேலண்டின் 'ஸ்டாலியன்' லாரியும், டாடாவின் இரண்டரை டன் எல்.பி.டி.ஏ. லாரியும். ஸ்டாலியன் மேடுபள்ளத்தில் ஐந்து டன்னும் நல்ல சாலையில் ஏழரை டன்னும் சுமக்கும் வண்டி. இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு நெருக்கம் உண்டு. ஸ்டாலியனை உருவாக்கிய நிறுவனம் எண்ணூரில் பிறந்தது. அதைப் பூட்டிக் கொடுத்த ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை, 2021 அக்டோபர் முதல், ஆவடியைத் தலைமையகமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. இந்த வண்டியின் வரைபடத்துக்கும் உதிரிபாகத்துக்கும் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

போர் முடிந்தபின் எஞ்சிய வாகனங்களைக் குடிமக்கள் பயன்படுத்துவது பழைய வழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா இந்தியாவில் விட்டுச் சென்ற தளவாடங்களை அரசு மொத்தமாக ஏற்றுக்கொள்ள 1946-இல் உடன்பாடு ஏற்பட்டது. போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் பேருந்து ஓட்டிய நாட்டுக்கு அந்த ஃபோர்டுகளும் செவர்லேக்களும் பெரும் கொடை. பிரிட்டனில் பீரங்கி இழுக்கச் செய்த ஏ.இ.சி. மேட்டடார் லாரிகள் போருக்குப்பின் பல பத்தாண்டுகள் மரம் இழுத்தன. பழுதான பேருந்துகளைக் கட்டி இழுத்தன. பிலிப்பின்ஸில் அமெரிக்க ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு உருவானதே அந்நாட்டின் அடையாளமாகிவிட்ட ஜீப்னி. நம் நாட்டிலேயே மேகாலயத்தின் மலைப்பாதைகளில் சக்திமான் லாரிகள் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கல்லும் மரமும் நிலக்கரியும் ஏற்றிக்கொண்டிருந்தன. அங்கே அவை அளவுக்கு மீறிச் சுமந்ததும், ஆவணமின்றி ஓடியதும் இந்தக் கதையின் மறுபக்கம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், இந்த லாரி ஏன் நீரில் போகிறது? உயரம் மட்டும் காரணமல்ல. இயந்திரத்துக்குக் காற்று இழுக்கும் வாய் உயரத்தில் வைக்கப்பட்டிருக்கும். சாதாரண வண்டி வெள்ளத்தில் நிற்பதற்கு முதல் காரணம் அந்த வாய் தாழ இருப்பதுதான். சிலிண்டருக்குள் காற்றுக்குப் பதில் நீர் புகுந்தால், காற்றைப்போல நீர் சுருங்காது. மேலே ஏறும் பிஸ்டன் முட்டி நிற்க, அதன் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். அதன்பின் இயந்திரத்தைப் பிரித்துப் போடுவதைத் தவிர வழியில்லை. அடுத்து, முன் சக்கரங்களும் இழுக்கும். சேற்றில் பின் சக்கரம் சுழன்று நின்றாலும் முன் சக்கரம் வண்டியை வெளியே கொண்டுவந்துவிடும். நான்கு சக்கர இயக்கத்துக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுப்பது 'டிரான்ஸ்பர் கேஸ்' எனப்படும் இரண்டாவது கியர்ப் பெட்டி.

இங்கேதான் பராமரிப்பின் முதல் பாடம் தொடங்குகிறது. நம் ஊர் லாரி மெக்கானிக்குகள் கைதேர்ந்தவர்கள். ஆனால், அவர்களுக்குப் பழகியது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டபடி காய்ந்த தார்ச்சாலையில் ஓட்டினால் என்ன ஆகும்? வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். நடுவில் அதைச் சமன்செய்யும் அமைப்பு இல்லாத வண்டியில், இரண்டு அச்சுகளையும் இணைக்கும் தண்டுகள் முறுக்கேறும். சேற்றிலோ நீரிலோ சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை, பற்சக்கரம் உடையும். முன்புறம் ஓர் அளவிலும் பின்புறம் வேறு அளவிலும் டயர் மாட்டினாலும் இதே விளைவுதான், அதுவும் நேர்ச்சாலையிலேயே. இருக்கிற டயரைப் போட்டு வண்டியை ஓடவிடுவது என்ற நம் வழக்கம் இந்த லாரியிடம் செல்லாது.

ஏலத்துக்கு வரும் ராணுவ லாரியின் உடல்நிலை விசித்திரமானது. நெடுஞ்சாலை லாரி ஐந்தாறு ஆண்டுகளில் ஓடித் தேயும். ராணுவ லாரி பல நேரம் வயதால் ஓய்வு பெறும். அதன் இரும்பு இளமையாக இருக்கும்; ரப்பர் முதுமையாக இருக்கும். பல் தேயாத டயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. பத்தாண்டு கடந்த டயரின் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தோன்றியிருக்கும். சுமையோடும் வெப்பத்தோடும் ஓடும்போது அது வெடிக்கும். பிரேக் குழாய்கள், டீசல் குழாய்கள், காற்று பிரேக்கின் சவ்வுகள், அச்சு முனைகளில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்கள் என ரப்பர் இருக்கும் இடமெல்லாம் இதே கதை. எனவே, இத்தகைய வண்டியை வாங்குபவர் இயந்திரம் ஒரே முயற்சியில் கிளம்புகிறதா என்று பார்த்து மகிழ்வதைவிட, அதன் ரப்பர் அனைத்தையும் மாற்ற என்ன செலவாகும் என்று கணக்கிடுவது நல்லது. வண்டியின் விலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கனரக வண்டிகளில் சக்கரம் ஒரே வார்ப்பாக இராது. டயரைப் பிடித்து நிறுத்த ஓர் இரும்பு வளையம் தனியாக இருக்கும். அந்த வளையமோ, அது உட்காரும் பள்ளமோ துருப்பிடித்திருந்தால், காற்றடிக்கும்போது வளையம் பீறிட்டுப் பாயும். எதிரில் இருப்பவரைக் கொல்லும். இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்பது உலகெங்கும் விதி. நம் பஞ்சர் கடைகளில் அந்தக் கூண்டைத் தேடிப் பாருங்கள். கடலோர மாவட்டத்தில் துரு என்பது இன்னும் வேகமாகச் செல்லும் நோய்.

நீரில் இறங்கி ஏறிய பிறகு செய்ய வேண்டிய வேலையைத்தான் பெரும்பாலோர் அறியாமல் விடுகிறார்கள். ஓடி வந்த லாரியின் அச்சுப் பெட்டி சூடாக இருக்கும். அது திடீரெனக் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெற்றிடம் போன்ற ஓர் இழுப்பு உண்டாகும். அந்த இழுப்பு சீல்களின் வழியாக வெளிநீரை உள்ளே உறிஞ்சும். இதைத் தவிர்க்க, அச்சுப் பெட்டி மூச்சுவிடும் சிறு துளையில் ஒரு குழாயைப் பொருத்தி அதன் மறுமுனையை ஓட்டுநர் அறை உயரத்துக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். சில நூறு ரூபாய் குழாய், பல லட்சம் ரூபாய் பற்சக்கரங்களைக் காப்பாற்றும். அப்படியும் மறுநாள் அடித்திருகைக் கழற்றி எண்ணெயைப் பார்த்தாக வேண்டும். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். உடனே முழுவதையும் வடித்துப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். சக்கரத் தாங்கிகளைக் கழுவிக் கிரீஸ் வைப்பது, பிரேக் டிரம்களில் தங்கிய மணலைக் கழுவுவது, நீரிலிருந்து ஏறியதும் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்துவது ஆகியவை வெள்ளம் வடிந்த மறுநாளே நடக்க வேண்டிய வேலைகள். கடல்நீர் கலந்த முகத்துவாரப் பகுதியில் இறங்கிய வண்டியை நல்ல நீரால் கழுவாமல் ஒரு வாரம் விட்டால், அடுத்த மழைக்கு அது நிற்கும்.

ராணுவ லாரிகள் 24 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். கைப்பேசிக்கு மின்னேற்றவோ ஒலிபெருக்கிக்கோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் கம்பி இழுத்தால், அது வடிந்துகொண்டே போக, மற்றொன்று அளவுக்கு மீறி மின்னேறி, இரண்டும் கெடும். இத்தகைய 'சின்ன' வேலைகள்தான் பெரிய வண்டிகளை நிறுத்தியிருக்கின்றன.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி சும்மா நிற்பது. பேரிடருக்கென்று ஒதுக்கிய வண்டி ஆண்டில் பதினோரு மாதம் நிற்கும். அதன் டீசல் தொட்டியில் ஈரம் படிந்து நீர் சேரும். அந்த நீருக்கும் டீசலுக்கும் இடையே நுண்ணுயிர் வளர்ந்து பாசிபோலப் படர்ந்து வடிகட்டியை அடைக்கும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்துவது பலருடைய வழக்கம். அது மருந்தல்ல, நோய். இயந்திரம் முழுமையாகச் சூடாகாமல் நின்றால், எரிதலில் உண்டான நீராவி எண்ணெயிலும் புகைபோக்கியிலும் தங்கிவிடும். மாதம் ஒருமுறையேனும், பாரம் ஏற்றி, அரை மணிக்குக் குறையாமல் சாலையில் ஓட்டி, எல்லாக் கியர்களையும், ஈரமண்ணில் முன் சக்கர இயக்கத்தையும் போட்டுப் பார்த்து, பிரேக்கின் காற்றுத் தொட்டிகளில் சேர்ந்த நீரை வடித்துவிட்டு நிறுத்துவதே முறை. இதற்கு ஒரு பதிவேடும், அதில் கையெழுத்திடும் ஒரு மனிதரும் தேவை. ராணுவத்தில் இந்த ஒழுங்கு இருக்கிறது. 1943-இல் தோன்றிய மின், இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவு இதற்காகவே இருக்கிறது. லாரியை ஏலத்தில் எடுக்கலாம். இந்த ஒழுங்கை ஏலத்தில் எடுக்க முடியாது.

இனி, மாற்றியமைத்தல். லாரி உடல் கட்டுவதில் நாமக்கல்லுக்கும், பேருந்து உடல் கட்டுவதில் கரூருக்கும், ஆழ்துளைக் கிணற்று வண்டிகளில் திருச்செங்கோட்டுக்கும் நாடு முழுவதும் பெயர் உண்டு. எனவே, திறமைக்குப் பஞ்சமில்லை. மீட்புக்கான லாரியில் செய்ய வேண்டியவையும் அதிகமில்லை. முதியவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக்கூடிய அகலமான மடக்குப் படி, பக்கவாட்டில் கைப்பிடிகள், நீளவாக்கில் இருக்கைகள், ஒரு தூக்குப்படுக்கையைப் பூட்டும் இடம், முன்புறம் இழுவைக் கம்பி சுற்றும் வின்ச், இரவுக்கு விளக்கு. 2011-இல் தானே புயலின் மறுநாள் கடலூரில் நீரைவிடச் சாய்ந்த மரங்களே வழியை மறித்தன என்பதை நினைத்தால், மரம் அறுக்கும் இயந்திரத்துக்கும் ஓர் இடம் வேண்டும்.

செய்யக்கூடாதவை பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். மழை உள்ளே வராமல் இருக்கட்டும் என்று பக்கங்களைத் தகடால் அடைத்து, தளத்தை நீர் புகாதபடி பற்றவைத்துப் பெட்டிபோலச் செய்துவிடுவது இயல்பாகத் தோன்றும் யோசனை. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர், அக்கல்லே தெப்பமாகக் கரையேறிய ஊர் திருப்பாதிரிப்புலியூர் என்கிறது மரபு. கல் மிதந்த ஊரில் லாரியும் மிதக்கட்டுமே என்று நினைத்தால் ஆபத்து. லாரி மிதக்கக் கூடாது என்பதே வெள்ளத்தில் அதன் பாதுகாப்பு.

கணக்கு எளிது. ஐந்து மீட்டர் நீளமும் இரண்டே கால் மீட்டர் அகலமும் உள்ள தளம் ஏறத்தாழ 11 சதுர மீட்டர். நீர் அந்தத் தளத்தைத் தொட்ட பிறகு பத்து செ.மீ. உயர்ந்தால், அடைத்த பெட்டி 1.1 டன் எடையுள்ள நீரை விலக்குகிறது; அதே அளவு விசை வண்டியை மேலே தூக்குகிறது. அரை மீட்டர் உயர்ந்தால் ஐந்தரை டன். வண்டியின் எடை ஏழு டன் என்று வைத்துக்கொண்டால், சக்கரங்கள் சாலையைப் பிடிக்க மிஞ்சுவது ஒன்றரை டன்தான். ஓடும் நீரின் தள்ளு விசையோ அதன் வேகத்தின் இருமடியாகப் பெருகுவது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. பிடி இழந்த வண்டியைப் பாலத்துக்கு வெளியே தள்ள அது போதும். எனவே, தளத்தில் வடிதுளைகள் வேண்டும். பக்கப் பலகைகள் நீர் உள்ளே புகுந்து வெளியேறும்படி கம்பிகளாக இருப்பது நல்லது. பயணிகளின் கால் நனைவது வண்டி கவிழ்வதைவிட மேல்.

இரண்டாவது தவறு, உயரத்தை மேலும் கூட்டுவது. பட்டைகளுக்கு அடியில் கட்டைகள் வைத்தும் பெரிய டயர் மாட்டியும் வண்டியை உயர்த்தினால் ஈர்ப்பு மையம் மேலே போகும். சாலையோரம் அரித்துப்போன இடத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் வண்டி சாயும். இயக்கத் தண்டுகளின் மூட்டுகள் தாங்கக்கூடிய கோணத்தையும் அது மீறும். மூன்றாவது, சுமை. அமெரிக்காவில் ராணுவத்தின் உபரி லாரிகளை மாநில வனத்துறைகளும் கிராமத் தீயணைப்புப் படைகளும் பெற்று, நீர்த்தொட்டி பொருத்தித் தீயணைப்பு வண்டிகளாக்கிப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றன. மிச்சிகன் மாநிலத்தின் ராஸ்காமன் நகரில் இதற்கென்றே ஒரு மையம் இயங்கி, எந்த லாரியில் எவ்வளவு பெரிய தொட்டி வைக்கலாம் என்று வரைபடங்களை வெளியிட்டிருக்கிறது. தொட்டி பெரிதாக இருக்கட்டும் என்ற ஆசையில் லாரியின் தாங்கு எடையை மறந்துவிடுவது அங்கும் நடக்கக்கூடியதே. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஐந்து டன் லாரியில் ஐயாயிரம் லிட்டர் தொட்டி வைத்தால், தொட்டியின் எடைக்கும் ஆட்களின் எடைக்கும் இடமில்லை. தடுப்புச் சுவர்கள் இல்லாத தொட்டியில் பாதி நீர் இருந்தால், வளைவில் நீர் ஒருபக்கம் சாய்ந்து வண்டியையும் சாய்க்கும்.

அதே நாட்டின் பழைய எம்-35 லாரி, எவ்விதத் தயாரிப்பும் இல்லாமல் இறங்கலாம் என்று வகுக்கப்பட்ட ஆழம் 30 அங்குலம். அதாவது முக்கால் மீட்டர். தனிக் கருவிகள் பொருத்தினால்தான் அதற்கு மேல். ராணுவ லாரி என்றால் எந்த ஆற்றையும் கடந்துவிடும் என்ற நம்பிக்கை திரைப்படங்கள் தந்தது. நீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்பதே ஓட்டுநர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நிற்கும் நீரில், நடை வேகத்தில், ஒரே சீராகச் செல்ல வேண்டும். வேகமாகப் போனால் இயந்திரத்துக்கு மட்டுமல்ல தீங்கு. லாரி எழுப்பும் அலை இருபுறமும் நனைந்து நிற்கும் மண்சுவர்களைச் சாய்த்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? ராணுவ வாகனங்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆவது பிரிவின்கீழ் தனியாகப் பதிவாகின்றன. ராணுவத்தின் கையைவிட்டு வெளியேறியதும் மற்ற வாகனங்களைப் போலப் பதிவு செய்தாக வேண்டும். எம்.எஸ்.டி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் மின்னணு ஏலத்தில் வாங்கும்போது, அது ஓட்டுவதற்காக விற்கப்படும் வண்டியா, உடைப்பதற்காக விற்கப்படும் இரும்பா என்பதை நிபந்தனைகளில் வரிக்கு வரி படித்துக்கொள்ள வேண்டும். பின்னதாக இருந்தால், எவ்வளவு செலவழித்துப் புதுப்பித்தாலும் அதைச் சாலைக்குக் கொண்டுவர முடியாது. மாற்றியமைப்பதற்கு 52-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மேகாலயத்தில் நடந்ததைப்போல ஆவணமின்றி அளவுக்கு மீறி ஓடும் வண்டிகளை நினைத்தால், இந்தக் கண்டிப்பில் குறைகாண முடியாது.

ஆனால், அரசுத் துறைகளே பயன்படுத்த நினைத்தாலும் ஒரு சுவர் எழுந்திருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட விதியின்படி, பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படாது. நாட்டின் பாதுகாப்பு, சட்டம் - ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பேரிடர் மீட்பு என்ற சொல் அந்த விலக்கில் இல்லை. ஆக, ராணுவத்தில் பதினாறு ஆண்டு இருந்த லாரி ராணுவத்தில் தொடரலாம். அதையே கடலூர் மாவட்ட நிர்வாகத்துக்கோ தீயணைப்புத் துறைக்கோ மாற்றினால், பதிவு கிடைப்பதே கேள்விக்குறி.

புகை கக்கும் பழைய வண்டிகளை அகற்றும் கொள்கை சரியானதே. ஆண்டு முழுவதும் நகரில் ஓடும் வாகனத்துக்கு அது பொருந்தும். மாதத்துக்கு முப்பது கிலோமீட்டர் ஒத்திகைக்கும், புயல் நாள்களில் மீட்புக்கும் ஓடும் நான்கைந்து லாரிகளின் புகையைக் கணக்கில் கொண்டு அந்த விதியை எழுதியிருக்க மாட்டார்கள். விலக்குப் பட்டியலில் 'பேரிடர் மீட்பு' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து, கூடவே ஆண்டுதோறும் தகுதிச் சான்றையும், ஓட்டக்கூடிய தூரத்துக்கு ஓர் உச்ச வரம்பையும் கட்டாயமாக்கினால் போதும்.

புது வாகனமே வாங்கலாமே என்று கேட்பது நியாயம். பணமிருந்தால் அதுவே மேல். பழைய வண்டியின் மீது எனக்குத் தனி மோகமில்லை. ஆனால், ஒரு மாவட்டத்துக்கு ஒரு புது வாகனம் என்று தொடங்கி, அதுவும் தலைநகரிலேயே தங்கிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்ததும் அதன் குழுக்கள் கடலூருக்கு முன்கூட்டியே வந்து தங்குகின்றன. அவர்களின் பணி போற்றத்தக்கது. எனினும், சாத்தனூர் நீர் நள்ளிரவில் பெருகியதைப் போன்ற நேரங்களில், அடுத்த சில மணி நேரத்துக்குள் உள்ளூரில் இருக்கும் வண்டிதான் உதவும். நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஒருசேர அடைபட்டதை 2024-இல் கண்டோம்.

ஒரே வகை லாரியாகப் பெறுவது முக்கியம். ஸ்டாலியன் இரண்டு, டாடா ஒன்று, எங்கிருந்தோ வந்த எட்டுச் சக்கர டாட்ரா ஒன்று என்று சேர்த்தால் அது அருங்காட்சியகமாகும். ஒரே வகையில் ஆறு பெற்று, இரண்டைப் பிரித்து உதிரிபாகமாக வைத்துக்கொண்டு நான்கை ஓட்டுவது, பழைய வண்டிகளை நம்பிப் பிழைப்பவர்கள் எல்லா நாட்டிலும் கையாளும் முறை. இந்த மாவட்டத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. நெய்வேலி சுரங்கத்தில் இதைவிடப் பன்மடங்கு பெரிய வாகனங்களைப் பல பத்தாண்டுகளாகப் பராமரித்து ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் இங்கேயே வாழ்கிறார்கள். ராணுவத்தில் இதே லாரிகளை ஓட்டியும் பழுதுபார்த்தும் திரும்பிய முன்னாள் படைவீரர்களும் இருக்கிறார்கள். ஓட்டுநரையும் மெக்கானிக்கையும் முதலில் தேர்ந்துகொண்டு, பிறகு லாரியைத் தேடினால் இத்திட்டம் நிற்கும். லாரியை முதலில் வாங்கி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் நிறுத்தினால், அதன்மேல் கொடி படரும்.

நிறுத்தும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. கெடிலத்துக்கு வடக்கே ஒன்று, தெற்கே முதுநகர்ப் பக்கம் ஒன்று, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சிதம்பரம் பகுதியில் ஒன்று, பண்ருட்டியில் ஒன்று என்று இருந்தால்தான், ஆறுகள் பாலங்களைத் துண்டிக்கும்போதும் ஒவ்வொரு கரையிலும் ஒரு வண்டி இருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரில் ஒருநாள் இவற்றைப் பாரம் ஏற்றி, ஆழம் தெரிந்த நீர்நிலை ஒன்றில் இறக்கி ஏற்றி, மறுநாள் அச்சுப் பெட்டியின் எண்ணெய் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்துவிட வேண்டும்.